இரண்டு விரற்கடைச் செம்பு

எண்பதுகளின் நடுவில் மேடை விளக்குக்கென்று நான் ஒரு மர உருளை செய்து வைத்திருந்தேன். அதன்மேல் செம்புத் தகட்டை வளையம் வளையமாக அறைந்திருப்பேன். ஒவ்வொரு வளையத்தையும் ஒரு விளக்குக்குப் போகும் கம்பி உரசும். தகடு இருக்கும்வரை அந்த விளக்கு எரியும், தகடு முடிந்தால் அணையும். பழைய மோட்டார் ஒன்று உருளையை மெல்லச் சுற்றும். நீளமாக விட்டால் நிலா, பொடிப்பொடியாக நறுக்கினால் மின்னல். கத்தரிக்கோலால் விடியலை வெட்டினேன், அந்தியை வெட்டினேன். தருமபுரியில் இப்படி ஒன்று யாரிடமும் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இண்டூர்ப் பண்டிகைக்கு ஊர் இளவட்டங்கள் நாடகம் போட்டார்கள். கடைசிக் காட்சியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தனியாக நின்று பேசுவாள். பேசப் பேச மஞ்சள் போய் நீலம் வந்து, கடைசிச் சொல்லோடு இருள வேண்டும். பெண் வேடத்துக்குச் சேலத்திலிருந்து ஆள் வரும், ஆட்டத்தன்றுதான் வரும். ஒத்திகையில் அவள் வசனத்தை நாடக வாத்தியார் வாயில் பீடியோடு கடகடவென்று படித்துவிடுவார். அந்த வாய்க்குத்தான் நான் தகட்டை அளந்தேன்.

ஆட்டத்தன்று மதியம் அந்தப் பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். உருளையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணா, இது தானா அணையுங்களா?"

"தானா. கையே வெக்க வேண்டியதில்ல."

"கடைசில நான் நிறுத்தி நிறுத்திப் பேசுவேங்க. ஒருக்கா பேசிக் காட்டட்டுங்களா? காரிமங்கலத்துக்காரங்க பாக்க வர்றாங்க. புடிச்சிருந்தா அவங்க பண்டிகைக்கும் என்னையே கூப்புடுவாங்க, மூணு நாளு ஆட்டம்."

"நீ பேசும்மா. லைட்டு அது பாட்டுக்கு அது வேலயப் பாக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. காது கொடுத்திருந்தால், இரண்டு விரற்கடைத் தகடு சேர்த்து அறைந்திருப்பேன். கால் மணி நேர வேலை.

காட்சி தொடங்கியதும் மோட்டாரைத் தட்டிவிட்டேன். அவள் வசனம் பேசவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் இறக்கி வைத்தாள். கூட்டத்தில் இருமல்கூட இல்லை. நீலம் வந்துவிட்டது, நீலமும் தீரப் போகிறது, அவளோ இன்னும் முடிக்கவில்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில் கை சுவிட்சு. தட்டினால் வெளிச்சம் அணையாமல் நிற்கும். தட்டினால், கையே வேண்டாம் என்று ஊரெல்லாம் சொன்ன என் வாய் என்னாகும்? கை நீண்டது. நின்றது. இருட்டு விழுந்தது.

இருட்டுக்குள்ளிருந்து அவளுடைய நான்கு சொல் வந்தது.

"ஆத்தா, தீப்பெட்டி வேணுமா?" என்றது ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. இருண்டால் படுதாவை இறக்குவது வழக்கம், படுதாக்காரர் இறக்கிவிட்டார்.

"ஏம்மா, இழுத்துக்கினே போனா எப்புடி? லைட்டு உனக்கோசரம் நிக்குமா?" என்றார் வாத்தியார் உள்ளே வந்து. பிறகு என்னைப் பார்த்தார்.

"டயம் சரியாத்தான் போச்சுங்க வாத்தியாரே" என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அவள் மதியம் கேட்டதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். "என் தப்புதாங்க" என்றாள்.

காரிமங்கலத்துக்காரர் இருவர் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். அவளைத் தாண்டி நேரே உருளையிடம் போனார்கள்.

"தானாவே சுத்துதே. நம்ம பண்டிகைக்கும் இதக் கொண்டாந்துருங்க. பொம்பள வேசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்."

கைக்கெட்டும் தூரத்தில் அவள் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டாரேங்க" என்றேன். அவளுக்கும் கேட்கும்படி, சத்தமாகவே.