நாற்பது பெயர்கள்

ஒரு கோப்புறையின் மேல் அம்பை நிறுத்தி, மவுசின் வலது பொத்தானைத் தட்டி, அளவைப் பார்த்து, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துத் தாளில் குறித்துக்கொள்கிறார். பிறகு அதற்குள் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து, உள்ளே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். அப்புறம்தான் அடுத்தது. என் மடிக்கணினியில் இருநூற்றுச் சொச்சம் கோப்புறைகள். புதிய வட்டுக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்று நம்பி வந்தவன், மூன்றாம் நாளாக அவருடைய கணினி பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

“மொத்தமா காப்பி பண்ணிட்டா ஆகாதா?” என்றேன்.

“ஆகும். எத்தனை கேபி போச்சு, எத்தனை கேபி வந்துச்சுன்னு அப்புறம் யாரு பாப்பாங்க? நீங்க பாப்பீங்களா?”

நான் பார்க்க மாட்டேன்.

எப்போதும் கிலோபைட் கணக்கே பேசுவதால் தெருவில் அவருக்குக் கேபி என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. வெயில் அதைத் தின்றுவிட்டது. கடை முன்பு முடிதிருத்தும் நிலையமாக இருந்த இடம். ஒரு பக்கச் சுவர் முழுக்க இன்னமும் கண்ணாடி. ‘உங்க டிஸ்க் போயிடுச்சு’ என்று அவர் சொல்லும்போது, அதைக் கேட்கும் தங்கள் முகத்தை வாடிக்கையாளர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் கொடுமையாகப் படுகிறது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

கழற்றிய திருகாணிகளை ஐஸ் கட்டி வார்க்கும் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போடுவார். பெட்டி திறந்திருந்தால் மின்விசிறி நிற்க வேண்டும். தேநீர் கடைக்குள் வரக் கூடாது. அவரே வாசலுக்குப் போய், கணினிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். ஊதித் தூசி எடுப்பவர்களைத் திட்டுவார். யாரும் பார்க்காதபோது அவரும் ஊதுவார்.

இருபது வயதில் ஒரு பெரிய அலுவலகத்தின் கணினி அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். “மெஷின் நாலு பீரோ அகலம். அதுக்கு ஏசி. எங்களுக்கு விசிட்டிங் கார்டு, விசிறிக்கிறதுக்கு.” காந்த நாடாவிலிருந்து பெரிய ஃபிளாப்பி, அதிலிருந்து சின்ன ஃபிளாப்பி, பிறகு சிடி, பென் டிரைவ் என்று ஒவ்வொன்றும் வந்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்றிருக்கிறார். பழையதன் மேல் அவருக்கு மயிரளவும் பாசமில்லை. “பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே பாதித் தெருவின் கணினிகளைக் குப்பைக்கு அனுப்பியவர். கடையில் ஒரு பழைய சாமானைப் பார்க்க முடியாது. மேசை இழுப்பறையில் துவாலை சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கிறது. அது என்ன என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று பிற்பாடு நினைத்தேன்.

அவருடைய அக்காள் கணவர் பூகோள ஆசிரியர். பல வருடங்களுக்கு முன் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை செய்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்றுவிட்டார்கள். நாள் குறித்த பிறகு, வீட்டுக் கணினியில் ஒரு மைக்கைச் செருகி, அவர் தன் குரலை நாற்பது துண்டுகளாகப் பதிந்துவைத்தார். மகன்களைச் சாப்பிடக் கூப்பிடுவது ஒன்று. மனைவியோடு சாவிக்காகச் சண்டை போடுவது ஒன்று. பருவக்காற்றுகள் பற்றி முழுப் பாடம் ஒன்று. அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் அவர் குரலைப் பதிந்ததில்லை. தினமும் கேட்கிற குரல்தானே.

“நான்தான் சும்மா இருக்காம, ‘இந்த மெஷின் இனி தாங்காது அத்தான், புதுசு போட்டுடலாம்’னேன்” என்றார் கேபி.

பழைய கணினியிலிருந்து நாற்பதையும் ஒரு சிடியில் ஏற்றினார். நாற்பது பெயர்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தார். இருந்தன. உடனே பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்ததையெல்லாம் அழித்து, காத்திருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரின் கணினியில் மாட்டிவிட்டார்.

ஆனால் அத்தான் ஒழுங்குக்காரர். பதிவுகளை உள்ளே ஓரிடத்தில் வைத்துவிட்டு, திரையில் தெரிகிற கோப்புறையில் அவற்றுக்கான ஷார்ட்கட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். கேபி எடுத்தது அந்தக் கோப்புறையை. ஷார்ட்கட் என்பது வீட்டுக்கு வழி காட்டும் பலகை, வீடல்ல. சிடியில் நாற்பது பலகைகள் ஏறியிருந்தன.

“ஒவ்வொண்ணும் ஒரு கேபி. பேரைப் பாத்தேன். சைஸப் பாக்கல.”

அறுவை முடிந்து ஆறு வாரம் கழித்து அக்காள் சிடியைப் போட்டாள். கேபி ஸ்டூடியோவுக்கு ஓடினார். அதற்குள் அந்த வட்டு முழுக்க யார் யாருடைய கல்யாணப் படங்களோ நிரம்பியிருந்தன. வேறொன்றைக் கொடுத்து அதை மீட்டுவந்தார். அழிந்ததைத் தேடும் புது மென்பொருள் எது வந்தாலும் இன்றுவரை அதன்மேல் ஓட்டிப் பார்க்கிறார்.

“ஏதாவது கிடைச்சுதா?”

பென்சிலைக் காதில் செருகினார். எடுத்தார். மறுபடி செருகினார்.

“பதினோரு செகண்டு. நாலு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல.”

எனக்குக் கோபம் வந்தது. குரலே இல்லாத மனிதரிடமிருந்து பதினொரு வினாடியை ஒளித்துவைக்க இவருக்கு என்ன உரிமை? “ஏன் சொல்லல?” என்று கேட்டேன். அவர் என் கோப்புறைகளுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் நான் இருக்கும்போதே அத்தான் வந்தார். கழுத்தில் மெல்லிய துணி, சட்டைப் பையில் சின்ன நோட்டு, நல்ல உயரம். வாரம் இரண்டு முறை வந்து, செய்தித்தாள் படித்துவிட்டுப் போகிறவராம். இத்தனை வருடத்தில் சிடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதிக் கேட்டதில்லையாம். அன்று நோட்டில் எழுதி நீட்டினார். கண்ணாடியில் எனக்கு எழுத்து இடவலம் மாறித் தெரிந்ததால் கேபியே வாசித்தார்.

“பேத்தி கேக்கறா. தாத்தா குரல் அப்பா குரல் மாதிரி இருக்குமா, பெரியப்பா குரல் மாதிரி இருக்குமான்னு. நான் என்ன எழுத?”

கேபி நோட்டை அவரிடம் திருப்பித் தந்தார். பிறகு, “அத்தான், உக்காருங்க. ஒண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் முழுசா இல்ல. திட்டணும்னா அப்புறமா எழுதித் திட்டுங்க” என்றார்.

ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். ஒரு பக்கம் நொய்ந்து தொங்கியது. அதைத் தன் உள்ளங்கையால் அவர் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டினார். ஹெட்போனையும் மீறி எனக்கும் லேசாகக் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம், ஒரு செருமல். பிறகு நல்ல கனத்த குரல்:

“மாப்ள, இது ஓடுதா? சிவப்பு லைட்டு எரியுது. சரி, ஓடலைன்னாலும் போகுது. நீ பாத்துக்குவ…”

நான்கு வருடம் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. முந்தைய நாள் கோபப்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

அத்தானின் உதடுகள் அந்தச் சொற்களோடு கூடவே அசைந்தன. பதினொரு வினாடி முடிந்தது. திரையில் ஒலியைக் காட்டிய கோடு நேராகி நின்றுவிட்டது. கேபி அவர் காதிலிருந்து கையை எடுக்கவேயில்லை.