பிச்சுமணியின் உப்பு இலாகா

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கரமனை அக்கிரகாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், அடுப்பு மூட்டுவதற்கு முன் பிச்சுமணி ஒரு காரியம் செய்வார். இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பலாக்கட்டையில் குடைந்த உப்பு மரவையைத் தன் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் வைப்பார். அதன்பின் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

காரணம் உண்டு. சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை சமைத்ததை யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்பு பிடித்திருக்கிறதா என்று ஆவியின் மணத்தையும் கொதியின் நுரையையும் வைத்துத்தான் சொல்லவேண்டும். பிச்சுமணிக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. இருபதாவது வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஆறு வருஷம் தேங்காய் துருவிக்கொண்டே அண்டாக்களின் பக்கத்தில் நின்று, மூக்காலேயே படித்துக்கொண்டார். பிறகு இருபத்திரண்டு வருஷமாக ஏழு சமையல்காரர்களுக்கு அவர்தான் தலைவர். சாம்பார், எரிசேரி, ரசம், கூட்டு என்ற வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொன்றிலும் ஒரு கை உப்பைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார். ஏழு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைத் 'திவான்' என்று சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். கேட்டுச் சந்தோஷம்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தெட்டு பங்குனியில் நிஜமான திவான் ஆட்சி போய், திருவிதாங்கூருக்கு ஒரு பிரதம மந்திரியும் இரண்டு மந்திரிகளும் வந்தார்கள். சமையல்காரர்களில் பத்திரிகைப் பைத்தியமான ராமசுப்ரமணியன், பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே செய்தியை உரக்க வாசித்தான்.

“அப்போ பிரதம மந்திரிக்கு என்னடா வேலை?” என்று கேட்டார் பிச்சுமணி.

“இலாகாவைப் பிரிச்சுக் குடுக்கறது. எல்லாரையும் கூட்டி வெச்சுப் பேசறது. வெளியில ஒருத்தன் கேட்டா, அத்தனை பேருக்குமாச் சேத்து ஒரே பதில் சொல்றது.”

“கரண்டி பிடிக்கமாட்டாரோ?”

“அவருக்கும் ஒரு இலாகா உண்டு அண்ணா. ஆனா அடுத்தவா அடுப்புல கரண்டியை விடப்படாது. சட்டசபையில பாதிக்கு மேல கை அவர் பக்கம் இருக்கற வரைக்குந்தான் நாற்காலி. கை இறங்கித்தோ, அவரும் இறங்கணும்.”

“நல்ல உத்தியோகம்!” என்று சிரித்தார் பிச்சுமணி.

ராமசுப்ரமணியன் கத்தியைக் கீழே வைத்தான். “நமக்கும் அதே மாதிரி வேணும் அண்ணா. எனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் ஒரு கல் உப்பு போட்டதில்லை. முடியாதுன்னா, அடுத்த முகூர்த்தத்துக்கு நாங்க வேற தலைவரைப் பாத்துக்கறோம்.”

விளையாட்டு என்று நினைத்துப் பிச்சுமணி மற்ற ஆறு பேரையும் பார்த்தார். ஒருவரும் தலை குனியவில்லை. பாயசத்தில் கெட்டிக்காரனான நாகேஸ்வரன் மட்டும், “அடைப்பிரதமன் இலாகா எனக்கு அண்ணா. பேர்லயே பாதிப் பதவி இருக்கே!” என்றான்.

வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி வாலாம்பாள் கேட்டாள்: “ஏன்னா, மூஞ்சி ஏன் புளிச்ச மோராட்டம் இருக்கு?”

“மரவையைக் கேக்கறா.”

“குடுத்துட்டுப் போங்கோ. தூக்கத்துல கூட என் தோள்ல உப்பு போடறேள். மனுஷி எத்தனை நாள் ஊறுவா?”

பிச்சுமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. தலைமை போய்விட்டால் மறுபடியும் யார் கீழேயோ நின்று தேங்காய் துருவ வேண்டியதுதான். மறுநாள் சம்மதித்தார். ஏழு பேரும் கை தூக்கி அவரையே பிரதம மந்திரி ஆக்கினார்கள். சாம்பாரும் ரசமும் ராமசுப்ரமணியனுக்கு. பாயசம் நாகேஸ்வரனுக்கு. எரிசேரியும் கூட்டும் பிரதம மந்திரியின் சொந்த இலாகா. சாதம், வறுவல், பந்தியில் பரிமாறல் எல்லாம் மற்றவர்களுக்கு. உப்பு மரவை நடுவில் ஒரு முக்காலிமேல் ஏறியது. அவரவர் இலாகாவுக்கு அவரவரே உப்பு.

முதல் பரீட்சை, வைகாசியில் ஸ்ரீனிவாசன் என்கிற கணக்கு வாத்தியாரின் மகள் விஜயத்தின் கல்யாணம். ராமசுப்ரமணியன் மூன்று தடவை ஆவியை முகர்ந்து, உப்பு போட்டான். முகம் மலர்ந்துபோயிற்று. அவன் புளி கரைக்கத் திரும்பிய சமயத்தில், பிச்சுமணி எரிசேரிக்காக மரவையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு தன் உருளியை நோக்கி நடந்தார். வழியில் சாம்பார் அண்டா. ஆவி முகத்தில் அடித்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; கை தானாகத் திறந்தது. எரிசேரிப் பக்கம் போனபோது கை காலி. போட்டாயிற்று என்று நினைத்து விரல்களைத் தட்டிக்கொண்டு கிளறினார்.

நைவேத்தியம் ஆன கையோடு சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் சாம்பார் விழுந்த சற்று நேரத்தில் ஸ்ரீனிவாசன் சமையலறைக்குள் பாய்ந்து வந்தார்.

“சாம்பார் யாரு பண்ணினது? சம்பந்தி மனுஷா சாதத்தை விட்டுட்டு தண்ணியையே குடிச்சுண்டிருக்கா!”

பிச்சுமணி ஒரு சொட்டு சாம்பாரை நாக்கில் வைத்தார். பிறகு எரிசேரி. இரண்டாவது முறை நாக்கில் வைக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கை ரேகைகளில் உப்பு இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான்,” என்றார்.

“இல்லை மாமா, சாம்பார் என் இலாகா,” என்று முன்னால் வந்தான் ராமசுப்ரமணியன்.

“இலாகா உன்னுது. பதில் என்னுது. நீதானேடா சொன்னே? போறும், தள்ளி நில்லு. வெந்த பருப்பு உப்பில்லாம ஒரு குண்டான் இருக்கு; அதைச் சேத்து சாம்பாரைச் சரி பண்ணு.”

சொல்லிவிட்டு நேரே பந்திக்குப் போனார். அவர் பந்தி மத்தியில் வந்து நின்றதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கைகூப்பினார்.

“சாம்பார்ல ரெண்டு பேர் உப்பு போட்டுட்டோம். எரிசேரியில ஒருத்தரும் போடலை. புது சாம்பார் வர வரைக்கும் இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம் சேத்துப் பிசைஞ்சு பாக்கணும்.”

மாப்பிள்ளையின் மாமா, பெரிய உடம்புக்காரர், சந்தேகத்தோடு பிசைந்தார். ஒரு கவளம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

“எங்க ஊர்ல ஒரு சாம்பாருக்கு ஒருத்தன்தான் ஓய் உப்பு போடுவான். இங்க சமஸ்தானமே கூடிப் போடுமோ?” என்றவர், “அந்த எரிசேரியை இன்னும் ரெண்டு கரண்டி போடச் சொல்லும்!” என்றார்.

பந்தி முழுவதும் சிரித்தது. ஸ்ரீனிவாசன் கூட, கொஞ்சம் தாமதமாக.

கடைசிப் பந்தி எழுந்தபின் பிச்சுமணி மரவையைக் கொண்டுவந்து ராமசுப்ரமணியன் முன்னால் வைத்தார். “என் கைதான் தப்பு பண்ணித்து. அடுத்தவன் அடுப்புல விட்டுட்டேன். நான் இறங்கிக்கறேன்.”

“நீங்க இறங்கினா, இன்னிக்குப் பந்தியில நின்ன மாதிரி யாரு போய் நிப்பா? எனக்குக் காலே வரலை அண்ணா,” என்றான் ராமசுப்ரமணியன். “கையைக் கட்டிப் போட ஒரு வழி பண்ணுங்கோ. போறும்.”

பிச்சுமணியே வழி சொன்னார். உப்பு போட்டவன் அந்தப் பாத்திரத்தின் காதில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைச் செருகவேண்டும். கொத்து இருந்தால் பிரதம மந்திரியே ஆனாலும் கை வைக்கக்கூடாது. ஏழு கைகளும் உயர்ந்தன. எண்ணி முடித்தபின்தான் பிச்சுமணி அடுத்த முகூர்த்தத்தின் பெயரைச் சொன்னார்.

ஐப்பசியில் ஊர் மந்திரிசபை கவிழ்ந்தது. எதிரிகள் கவிழ்க்கவில்லை, சொந்தக் கட்சிக்காரர்களே கையை எடுத்துவிட்டார்கள். ஆரியசாலையில் அன்று ஒரு கல்யாணம். ராமசுப்ரமணியன் செய்தியை வாசித்து முடித்ததும் எல்லாரும் பிச்சுமணியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

“கேக்காமலேயே இருந்தா நன்னா இருக்காது. என் பக்கம் யாரு?”

ஆறு கைகள் உயர்ந்தன. நாகேஸ்வரன் கை உயரவில்லை. பிச்சுமணி அவன் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு கையிலயும் வெல்லப்பாகு அண்ணா!” என்று அலறினான் அவன். “தலையை ஆட்டினா ஓட்டு சேருமா, சேராதா?”

“சேரும், சேரும். பாகு முத்தறது பாரு, கிளறு!”

பிச்சுமணி மரவையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு தன் உருளியை நோக்கி நடந்தார். வழியில் சாம்பாரின் ஆவி முகத்தில் அடித்தது. விரல்கள் தளர்ந்தன. அண்டாவின் காதில் கறிவேப்பிலை பச்சையாக நின்றது.

“பாத்துட்டேன் அண்ணா!” என்று குரல் கொடுத்தான் ராமசுப்ரமணியன்.

“பாத்தா என்னடா? கை மூடித்தானே இருக்கு,” என்று சொல்லி, பிச்சுமணி எரிசேரிப் பக்கம் போனார்.