நாற்பது வருஷத்துச் சரக்கு

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி, தீவிலிருக்கும் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கு வந்தார். கையில் ஒரு விஸ்கி போத்தல். பச்சைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்த அழகைப் பார்க்கணுமே! சொந்தப் பிள்ளைகளைக்கூட மனுஷன் அப்படித் தூக்கியதில்லை.

நான் குடியை விட்டு மூன்று வருஷம். ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்னொரு தடவை தொட்டால் ஆளே இருக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது மச்சானுக்கும் தெரியும். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர்தானே!

“மாப்ளே, ஸ்காட்லாந்து சரக்கு, சிங்கிள் கிரெய்ன். நாப்பது வருஷம் பீப்பாய்ல கெடந்தது லா,” என்றார். மால்ட் பார்லி இல்லையாம், கோதுமையாம். அதையும் காய்ச்சிய ஆலைக்காரன் விற்கவில்லையாம். வேறொரு கம்பெனி பீப்பாயை வாங்கி, போத்தலில் அடைத்து, தன் லேபிளை ஒட்டியதாம். ஆக, காய்ச்சியது ஒருத்தன், அடைத்தது ஒருத்தன், மீசையை முறுக்குவது என் மச்சான்.

அதற்கு மேல் ஒன்று சொன்னார் பாருங்கள். “பீப்பாய்ல இருக்கிறப்ப வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியா போயிடும். நாப்பது வருஷத்துல போதையெல்லாம் எப்பவோ போயிருக்கும். டேஸ்ட் மட்டும்தான் மிச்சம். நீங்க தாராளமா குடிக்கலாம்.”

இந்த அறிவை வைத்துக்கொண்டு பிறை டவுனில் ஒரு தொழிற்சாலையையே மேய்க்கிறார்! லேபிளைத் திருப்பிக் காட்டினேன். நாற்பத்தெட்டு விழுக்காடு ஆல்கஹால் என்று போட்டிருந்தது. “அது பீப்பாய்ல ஊத்தினப்ப அளந்தது லா,” என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் இரண்டு கிளாஸில் ஊற்றினார். நான் தொடவில்லை. அவர் மூக்கை கிளாஸுக்குள் விட்டு, வெனிலா வாசம், தேங்காய் வாசம் என்று கதையளந்தார். தேங்காய் வாசத்துக்கு எதற்கு ஸ்காட்லாந்து? கீழே பசாருக்கு இறங்கினால் போதாதா? கடைசியில் காட்டம் தாங்காமல் கோலாவை ஊற்றிக் கலக்கினார். போதை இல்லாத சரக்கைக் குடித்தவர், அரைமணி நேரத்தில் சோபாவில் வாய் பிளந்து தூங்கிவிட்டார்.

எனக்கு ஊற்றியதைக் கொட்டிவிடலாம் என்று அடுப்படிக்கு எடுத்துப் போனேன். குழாயைத் திறந்தேன். பின்னால் மனைவி வந்து நின்றாள்.

“குடுங்க, நான் ஊத்திடுறேன்.”

“ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா? நான் தொட்டேனான்னு உன் அண்ணனைப் போய்க் கேளு!” என்று எகிறினேன்.

அவள் கோபப்படவில்லை. “குழாயத் தொறந்து பத்து நிமிஷமாச்சுங்க,” என்றாள்.

கிளாஸ் என் கையில் அப்படியேதான் இருந்தது. வெட்கமாகிவிட்டது. கொடுத்துவிட்டேன்.