நீர்க்காகம் முங்கிய இடம்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். சும்மா கதை விடுகிற ஆள் நானில்லை. இது போன ஜனவரியில் எனக்கும், என் மனைவி ஆதிபாவின் ஒரே தம்பி றினோஸுக்கும் நடந்தது.

நாங்கள் பலாபத்வலை ஊர்க்காரர்கள். வருடாவருடம் நீர்ப்பறவை எண்ணப் போவோம். அந்த முறை கலேவெலப் பக்கம் ஒரு குளம். பெயர் வேண்டாம். பரந்த குளம், ஆனால் அநேக இடங்களில் முழங்கால் தண்ணீர்தான்.

எங்கள் வேலை இப்படி. ஒருவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் தண்ணீரில் நடந்து எண்ணுவார். மற்றவர் கரையில் நின்று எழுதுவார், எங்கே கால் வைப்பது என்று குரல் கொடுப்பார். நாரை நின்றால் ஆழமில்லை. நீர்க்காகம் முங்கினால் ஆழம்.

"அவனுக்கு நீச்சல் தெரியாது, பாத்துக்கங்க" என்று ஆதிபா சொல்லித்தான் அனுப்பினாள்.

காலை 6.22. லேசான பனி. றினோஸ் இறங்கினான்.

"நேரா போ."

"நத்தைகுத்தி நாரை பதினாலு, மச்சான்."

எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவன் இடப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். நான் திரும்பச் சொல்லவேயில்லை.

"எங்கடா போற?"

"சரி மச்சான், வாறேன்."

அது எனக்குச் சொன்ன பதில் இல்லை. அவன் முகம் மறுபக்கம் இருந்தது.

அவனுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றார். முழங்கால் தண்ணீரில்.

அவரைச் சுற்றி நீர்க்காகங்கள்...

முங்கின. எழுந்தன.

ப்ளக்... ப்ளக்...

யா அல்லாஹ்! கத்திக்கொண்டே ஓடினேன்.

இடுப்பளவு.

நெஞ்சளவு...

றினோஸின் காலர் கையில் சிக்கியது. இழுத்தேன்.

நிமிர்ந்தால்... அந்த ஆள் இல்லை.

6.41. கரையில் றினோஸ் வெடவெடவென்று நடுங்கினான்.

"என்னத்துக்கு மச்சான் ஆழத்துக்குக் கூப்பிட்டீங்க?"

"வல்லாஹி, நான் கூப்பிடல்லடா!"

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் நானாவிடம் விசாரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது மண் அள்ளின குழி, இருவது அடி. மூணு பேர் அதுல முங்கி மவுத்தாகிட்டாங்க. மூணு பேரும் கூட்டாளியோட வந்தவங்க. கூட்டாளிதான் வா வான்னு கூப்பிட்டான்னு, அங்க குளிச்சிட்டு இருந்தவங்க சாட்சி சொன்னாங்க. நான் கூப்பிடல்லன்னு மூணு கூட்டாளியும் அழுதாங்க."

"பொறகு?"

"ஒருத்தன் கொலைக் கேஸ்ல இன்னும் மறியல்ல இருக்கான்."