போரின் முதல் பாதியைப் பார்த்தவர்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரோடு பேச உட்கார்ந்த யாரும் வியட்நாம் போரைத் தொடாமல் எழுந்ததில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அது தெரியும்.

அப்பா எளாவூரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ரங்கூனில் அரிசி மூட்டை தூக்கப் போனார். ஜப்பான் குண்டு போட்டதும் வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட, அவர் காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். பிறகு கும்மிடிப்பூண்டியில் அரிசி ஆலை மேஸ்திரியாக உழைத்து எங்களை ஆளாக்கினார். வீட்டுக்கு வந்தவரைச் சோறு போடாமல் அனுப்பமாட்டார். வியட்நாமைப் பற்றிச் சொல்லாமலும் அனுப்பமாட்டார்.

“பர்மாவுலயும் இப்டித்தான். ரேடியோ கெலிக்கிறோம், கெலிக்கிறோம்னு சொல்லிக்கினே இருந்துச்சி. அந்தாண்ட துரைங்க பொட்டி கட்டிக்கினு இருந்தாங்க. அமெரிக்காக்காரனும் கட்டுவான், பாரு” என்பார்.

என் நிச்சயதார்த்தத்துக்குத் திருநின்றவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தையாரான மாமா, வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். தட்டு மாற்றப் போகும் வேளையில் அப்பா, துரைமார் பெட்டி கட்டிய கதையை எடுத்தார்.

“இன்னா பேசறீங்க? அப்பறம் நாங்க திரும்பிப் போயி பர்மாவப் புடிச்சோமே! அமெரிக்காவும் புடிக்கும்” என்றார் மாமா.

ஒரே போரின் முதல் பாதியை அப்பாவும் இரண்டாம் பாதியை மாமாவும் பார்த்திருந்தார்கள். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. குரல்கள் ஏறின. “இந்த சம்பந்தமே வேணாம்” என்று மாமா துண்டை உதறி எழுந்தார். “தாராளமா போங்க” என்றார் அப்பா. உள்ளே பட்டுப்புடவையில் நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா வெளியே வந்தார்.

“சண்ட எந்த ஊர்ல நடக்குது?”

“வியட்நாம்ல.”

“அங்க நம்ம சொந்தக்காரங்க யாருனா கீறாங்களா?”

இல்லை என்று இருவரும் தலையாட்டினார்கள்.

“அப்ப தட்ட மாத்திக்கினு சண்ட போடுங்க. கேசரி ஆறிப்போவுது.”

தட்டு மாறியது. சண்டை மட்டும் என் கல்யாணம், பிள்ளைப்பேறு, காதுகுத்து எல்லாவற்றிலும் தொடர்ந்தது.

வியட்நாமில் சைகோன் விழுந்து அமெரிக்கர்கள் ஓடிய செய்தி வந்த மறுநாள் மாமா எளாவூருக்கு வந்தார். “நீங்க சொன்னதே நடந்துட்சி, சம்பந்தி” என்றார். அப்பா தெருவையே கூட்டிக் கொண்டாடப் போகிறார் என்று நாங்கள் பயந்தோம். அவரோ, “மொதல் பாதிதானே முடிஞ்சிருக்குது? பொறுங்க” என்று மாமாவைச் சாப்பிட அழைத்துப் போனார்.

கடைசி நாட்களில் திருவள்ளூர் மருத்துவமனையில் அப்பா கண் திறக்காமல், கஞ்சியும் குடிக்காமல் கிடந்தார். மாமா அவர் காதருகே குனிந்து, “பர்மாவுல மொதல்ல ஓடுனவன் ஜப்பான்காரன்தான்” என்றார்.

அப்பா கண்ணைத் திறந்தார். “யாருய்யா சொன்னது?”

அன்று மாலைவரை வாதாடினார். நடுநடுவே மாமா ஊட்டிய கஞ்சி முழுவதையும் குடித்தார். அதன்பின் அவர் எதுவும் சாப்பிடவில்லை.

மருத்துவர்களுக்கும், ஆலைத் தோழர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இப்போதெல்லாம் அவர் செய்தித்தாளைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிடுகிறார். திருநின்றவூர்ப் பக்கம் வரும் உறவினர்கள் தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் எதிர்த்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— மகள்