யாரும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளைப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்மலையில், வீதி வேலைக்காகக் கல் உடைக்க அரசு திட்டமிட்டிருந்தது. அதனால் வரக்கூடிய பாதிப்புகளைச் சொல்லும் அறிக்கை எங்கள் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபணை கொடுக்கலாம்.

ஒரு நாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் வந்தார். அந்த மலைக்கு நேர் கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர் குடியிருந்தார்.

"ஐயா, எங்க மலைய ஒடைக்கிறதப் பத்தி ஏதோ அறிக்கை வந்திருக்காமே. பாக்கலாங்களா?"

மேசையில் சிங்களப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும்தான் இருந்தன. "தமிழ்ப் பிரதி இன்னும் வரேல்லை அம்மா. அடுத்த கிழமை வாங்கோ" என்றேன். ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துச் சொல்லியிருக்கலாம். மினக்கெட விரும்பவில்லை, அவ்வளவுதான்.

வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். நாலாம் தடவை வந்தபோது தவணை முடிந்திருந்தது. தமிழ்ப் பிரதி வரவேயில்லை.

பதுளைச் சட்டத்தரணி ஒருவர் அந்த மக்களுக்காகக் கொழும்பில் வழக்குப் போட்டார். நீதிமன்றம் எங்கள் அலுவலகத்திடம் விளக்கம் கேட்டது. 'அறிக்கையைப் பார்க்க எவரும் வரவில்லை' என்று தட்டச்சு செய்த கடிதத்தை மேலதிகாரி என்னிடம் நீட்டினார். வருவோர் பெயரைப் பதிய வேண்டியவன் நான். ஒரு தடவைகூட அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கொடுத்த சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தாதவர்கள் என்று சொல்லி மனு தள்ளுபடியானது.

மறு வருடம் ஐப்பசி மழையில், கல் உடைக்க வெடி வைத்த சரிவு இறங்கி லயத்தின் ஒரு பக்கத்தை மூடியது. அந்தப் பெண்ணின் மூத்த மகள் மண்ணுக்குள் போய்விட்டாள்.

இடம்பெயர்ந்தவர்களின் விவரம் எடுக்கத் தோட்டப் பாடசாலைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அங்கிருந்த அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நாலு தடவ வந்தேங்க ஐயா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாளே சட்டத்தரணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்தப் பெண்ணை நீதிபதிகள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தவன் நான், நானே பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன் என்பதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.