அழுவதற்கு ஒரு வளையம்

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போவதென்றால் சும்மா போய் நின்றுவிட்டு வர முடியாது. பெண்கள் உள்ளே போய், இறந்தவருக்கு உரித்தானவளைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழவேண்டும். யார் எப்படி அழுதாள் என்பதை ஊர் மறக்காது. என் மாமியின், அதாவது கணவருடைய தாயின், செத்தவீட்டில் நான் அழவில்லை.

துக்கம் இல்லாமலில்லை. மாமி எனக்கு மிகவும் பிடித்த மனுசி. ஆனால் இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு இருமினால், தும்மினால், ஏன் சிரித்தால்கூடச் சிறுநீர், எங்கள் பேச்சில் சலம், கசியும். விம்மி அழுதால் கேட்கவே வேண்டாம். சனம் நிறைந்த விறாந்தையில் வெள்ளைச் சேலையோடு நனைந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி, பக்கத்து வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணீரைப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மாமியின் ஒரே மகளான மச்சாளுக்கு என் வயதுதான்; எனக்கு இருந்த ஒரே தோழியும் அவள்தான். எட்டாம் நாள் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"என்ரை அம்மாவுக்கு அழ உனக்கு அவ்வளவு பஞ்சியே, அலுப்பே?"

அதோடு பேச்சு நின்றது. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவே ஒரு கிணறு. அவள் தண்ணீர் அள்ளுகிற நேரம் நான் போவதில்லை. சலம் போகும் என்றுதான் அழவில்லை என்று எந்த வாயால் சொல்வது? கணவருக்கே சொல்லாத விசயம். அவளை இழந்தது எனக்கு மாமியை இழந்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

பிரஷருக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில், இருமுவதற்கு முன் நான் காலைப் பின்னிக்கொண்டதை டொக்டரம்மா கண்டுவிட்டார். அவராகவே கேட்டார், நானும் கொட்டிவிட்டேன். தசையை இறுக்கும் பயிற்சி சொல்லித்தந்து, மகளிர் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே தந்ததுதான் வளையம். மெதுவான சிலிக்கன், ஒரு பக்கத்தில் சின்ன மொட்டு. பிறப்புறுப்புக்குள்ளே வைத்தால் அந்த மொட்டு சலக்குழாய்க்கு முட்டுக் கொடுக்கும். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கழற்றிக் கழுவித் திரும்பப் போடலாம். முதல் அளவு குந்தியதும் நழுவி வந்துவிட்டது. அடுத்தது நின்றது. தாதி இருமச் சொன்னாள், துள்ளச் சொன்னாள், எல்லாம் சரி.

"அழுதால்?" என்று கேட்டேன்.

"பாரம் தூக்கலாமோ, பஸ்ஸிலை போகலாமோ எண்டுதான் ஆக்கள் கேக்கிறவை, அன்ரி. அழலாமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. வீட்டை போய் அழுது பாருங்கோ."

வீட்டில் அழுகை வரவில்லை. நினைத்தவுடன் வருகிற சாமானா அது?

மாமியின் ஆண்டுத் திவசம் மச்சாள் வீட்டில். வா என்றுகூட அவள் சொல்லவில்லை. படையலில் மாமிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. அந்த வாசம் பட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. நேரே போய் மச்சாளைக் கட்டிப்பிடித்தேன். ஒரு வருட அழுகையும் ஒன்றாக வந்தது. திவசத்துக்கு யாரும் இப்படி அழுவதில்லை; வந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். முதலில் விறைத்து நின்றவள் பிறகு தானும் குலுங்கத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொட்டும் கசியவில்லை.

சட்டென்று என்னைத் தள்ளினாள்.

"விடு, விடு."

தொடைகளை இறுக்கிக்கொண்டு, சின்னச் சின்ன அடி வைத்துப் பின்பக்கம் போனாள். அந்த நடை எனக்குத் தெரியும். எத்தனையோ வருடம் நானே நடந்த நடை.

பின்னாலேயே போனேன். சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவளிடம், செத்தவீட்டில் ஏன் ஒதுங்கி நின்றேன் என்பதிலிருந்து வளையம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு எவ்வளவு காலமாய்?" என்றேன்.

"கடைக்குட்டி பிறந்ததிலை இருந்து."

"அப்ப மாமியின்ரை செத்தவீட்டிலை அவ்வளவு அழுதனீயே, என்ன செய்தனீ?"

கையிலிருந்த ஈரச் சேலையை வாளிக்குள் போட்டாள்.

"நனைஞ்சுகொண்டுதான் அழுதனான்," என்றாள். "அம்மாவெல்லே."